எழுபது வளைவுகளும் ஒரு செருமலும்

காலை ஆறு நாற்பது. நாமக்கல் பேருந்து நிலையம்.

கொல்லிமலைப் பேருந்து வந்து நிற்பதற்கு முன்பே அதன் ஜன்னல்கள் வழியாக நான்கு துண்டுகளும் ஒரு தண்ணீர் பாட்டிலும் உள்ளே போய்விட்டன. துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. முறையாகப் படி ஏறி, காலியாக இருக்கும் இருக்கைக்குப் பக்கத்தில் போனால், அங்கே யாரோ ஒருவருடைய வேர்வைத் துண்டு நமக்கு முன்னால் சட்டமாக உட்கார்ந்திருக்கும். நான் அதை இரண்டு விரலால் எடுத்து மேலே கம்பியில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். துண்டுக்காரர் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின் இருக்கைக்குப் போய்விட்டார். என் கணவர் எதையும் பார்க்காதவர் மாதிரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

அருவிக்கும் தேனுக்கும் கொல்லிமலை போகிறவர்கள் இந்தக் கட்டுரையில் அவற்றைத் தேட வேண்டாம். நானும் இவரும் கரூரிலிருந்து இருட்டோடு இருட்டாகக் கிளம்பியது மாப்பிள்ளை வீடு பார்க்க. எங்களுக்கு ஒரே பெண், நந்தினி. சேலத்தில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். தன் அப்பாவை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வந்த ஒரு பையனை அங்கே பார்த்திருக்கிறாள். பையன் பெயர் செந்தில். மலை மேலே திண்ணனூர் நாடு என்ற ஊர்க்கூட்டத்தில் மிளகும் வாழையும் மரவள்ளியும் வைத்திருக்கும் குடும்பம். மலைக்காரர்கள், கீழ்நாட்டுக்காரர்கள் என்று எங்கள் சொந்தபந்தம் பேச வேண்டியதையெல்லாம் ஒரு வருடம் பேசித் தீர்த்துவிட்டது. எனக்கு அதில் அக்கறை இல்லை. என் பிரச்சினை வேறு.

இதற்கு முன் நந்தினிக்கு இரண்டு வரன் வந்தது. முதல் பையனின் அம்மா பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்கக் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். எங்கள் சோபாவே ஆடியது. இரண்டாவது பையனின் அப்பா தனக்கு வந்த அழைப்பையெல்லாம் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். இரண்டையும் நான்தான் வேண்டாம் என்றேன். ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகரிடம் சொல்லி முடித்துவிட்டேன். உண்மை நந்தினிக்குத் தெரியும். அதனால் இந்த முறை முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"நீ போய்ப் பாரும்மா. வேண்டாம்னா வேண்டாம், உன்னை மீறி நான் போகமாட்டேன். ஆனா காரணம் பெருசா இருக்கணும். கால ஆட்டினாங்க, மூக்க உறிஞ்சினாங்கன்னு வந்து நின்னீன்னா, அதுக்கப்புறம் எனக்கு மாப்பிள்ளையே பார்க்க வேண்டாம்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் பயந்தேன்.

ஏழரை மணி. காரவள்ளி, மலையின் அடிவாரம்.

இங்கே ஐந்து நிமிடம் நிறுத்துகிறார்கள். மூன்று எலுமிச்சம்பழம் இருபது ரூபாய். வாங்கி முகர்ந்துகொண்டே மலை ஏற வேண்டும். இங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகள் எழுபது. ஒவ்வொன்றிலும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். இன்னும் எத்தனை பாக்கி என்று தெரிந்தால் தைரியம் வரும் என்று நினைத்து வைத்திருப்பார்கள். எனக்கு ஐந்து என்ற பலகையைப் பார்த்ததும் குடல் மேலே வந்துவிட்டது.

போண்டா விற்பவரை இவர் ஏக்கத்தோடு பார்த்தார். "இன்னைக்கு ஒரு நாளைக்கு வாயக் கட்டுங்க" என்றேன். "இது நம்ம காசுல வாங்கறதுதான?" என்றார். "போண்டாவப் பத்திச் சொல்லல. அங்க போயி" என்றேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், மனது ஒத்துப்போகும்வரை கை நனைக்க மாட்டோம். சாப்பாடு என்ன, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சு மாறினால் ஊர் சிரிக்கும். இவரோ தட்டைப் பார்த்தால் தன்னை மறக்கிற ஆள். எழவு வீட்டில்கூட காபி வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார். எனவே கரூரிலேயே பேசி வைத்துவிட்டேன். நான் தண்ணீர் வாங்கிக் குடித்தால் மட்டும் இவரும் குடிக்கலாம். நான் குடிக்காவிட்டால் வெறும் வயிற்றோடு மலை இறங்க வேண்டும்.

பதினைந்தாவது வளைவு தாண்டியதும் முன் இருக்கைப் பையன் செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தான். ஒன்றையும் முழுசாகப் பார்க்கவில்லை. கால் பாட்டு, அரை வசனம், ஒரு சிரிப்பு, மறுபடி கால் பாட்டு. பேருந்து முழுக்கக் கேட்டது. வளைவுக்கு வளைவு ஓட்டுநர் அடிக்கும் ஹாரன் வேறு. எனக்கு நெற்றிப்பொட்டு நரம்பு துடித்தது. பையனின் தோளைத் தட்டி, "தம்பி, காதுல மாட்டறது இல்லைன்னா அதை அணைச்சு வை" என்றேன். அணைத்துவிட்டான். அதற்குள் நடத்துநர் வந்தார். அவரிடம், "டிரைவரைக் கொஞ்சம் ஹாரனைக் குறைக்கச் சொல்லுங்க. காது வலிக்குது" என்றேன்.

"அடிக்கலைன்னா மேல இருந்து வர்ற வண்டிக்கு எப்படீங்கம்மா தெரியும்?" என்றார். "காது வலிச்சா மருந்து போட்டுக்கலாமுங்க. கீழ உழுந்தா என்னத்தப் போடறது?"

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். துண்டுக்காரர் அதில் ஒருவர். அதோடு பேருந்தில் எல்லாரும் பேச்சைக் குறைத்துவிட்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இவர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

ஒன்பதரை மணி. செம்மேடு.

ஜூன் மாதத்தில் ஜில்லென்று காற்று அடித்தது. கரூரில் இந்நேரம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்போம். இங்கே கடைக்காரர் தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு டீ ஆற்றினார். டீ பதினைந்து ரூபாய். டீயை 'சர்ர்' என்று உறிஞ்சும் ஆட்கள் மூன்று பேர் நின்றிருந்ததால் நான் தம்ளரோடு தள்ளிப் போய் நின்று குடித்தேன்.

செந்தில் ஒரு வெள்ளை பிக்கப் வண்டியோடு வந்திருந்தான். மெலிந்த, உயரமான பையன். "வாங்கம்மா, வாங்கய்யா" என்று கும்பிட்டான். நான் ஏறியதும் கதவைத் தட்டிச் சாத்தாமல் இரண்டு கையாலும் அழுத்திச் சாத்தினான். வண்டிக் கதவைப் படாரென்று அறைகிறவர்களைப் பார்த்தே பழகிய எனக்கு அது புதிதாக இருந்தது. ஒரு மதிப்பெண் போட்டுக்கொண்டேன்.

அந்த மதிப்பெண் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. திண்ணனூர் நாட்டுப் பக்கம் போகும் பாதை குறுகல். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் படிப்படியாக இறங்கும் மரவள்ளிக் காடு. ஒவ்வொரு திருப்பத்திலும் எதிர்ப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. எதிரே வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. இந்தப் பையன் ஒரு இடத்திலும் அடிக்கவில்லை. கழுத்தை நீட்டி நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். ஒரு திருப்பத்தில், பின்னால் இரண்டு மரவள்ளிக்கிழங்கு மூட்டை கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று நேராக எங்கள் மூக்குக்கு முன்னால் வந்தது. செந்தில் பிரேக்கை மிதித்தான். என் நெற்றி டாஷ்போர்டில் இடித்தது. மோட்டார் சைக்கிள் மண்மேட்டில் சாய்ந்து, ஒரு மூட்டை அவிழ்ந்து கிழங்கு ரோட்டில் உருண்டது.

ஓட்டி வந்தவர் எழுந்து வந்து கத்தினார். "ஏண்டா செந்திலு, கையில கட்டியாடா வந்திருக்குது? ஒரு ஹாரன் அடிக்கறதுக்கு என்ன? நீயாடா இப்படி வர்றது?"

செந்தில் இறங்கிப்போய் மூட்டையைக் கட்டிக் கொடுத்தான். திரும்பி வந்ததும் நான் கேட்டேன். "ஏன் தம்பி ஹாரன் அடிக்கல?"

"பழகின ரோடுதானுங்கம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

பழகின ரோடாம். என் நெற்றி வீங்க ஆரம்பித்திருந்தது. ஆனால் மனதுக்குள் ஒரு மூலையில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு திருப்தியும் வந்தது. நந்தினி கேட்ட பெரிய காரணம் கிடைத்துவிட்டது. உயிரோடு விளையாடுகிறவனுக்குப் பெண் கொடுக்க முடியாது. இதைச் சின்ன விஷயம் என்று அவளால் சொல்ல முடியாது.

பத்தரை மணி. மாப்பிள்ளை வீடு.

வண்டி நின்ற இடத்திலிருந்து சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை. மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. ஓட்டு வீட்டை ஒட்டிப் புதிதாக ஒரு கான்கிரீட் அறை. பக்கவாட்டில் பெரிய பலா மரம், அடிமரத்திலேயே காய்த்துத் தொங்கியது. செந்திலின் அம்மா பூங்கொடி வாசலிலேயே நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும், ஐம்பது, ஐம்பத்திரண்டு. அப்பா அவரைவிடப் பத்து வயது மூத்தவராகத் தெரிந்தார். "வாங்க அம்மிணி" என்று அவர் உரக்க ஆரம்பித்ததும் பூங்கொடி திரும்பிப் பார்த்தார். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வாங்க" என்றார்.

உட்கார்ந்தோம். தண்ணீர் வரும், மறுக்க வேண்டும் என்று வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன். 'இருக்கட்டுங்க, அப்புறம் குடிக்கறோம்' என்று சிரித்துக்கொண்டே சொல்வதாகத் திட்டம். தண்ணீர் வரவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. எழுபது வளைவு ஏறி வந்தவர்களுக்கு ஒரு சொம்பு தண்ணீர் காட்டாத வீட்டை அன்றுதான் பார்க்கிறேன். கொடுத்தால் குடிக்க மாட்டேன் என்பது வேறு. கொடுக்காமலே இருப்பது வேறு. எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அதைவிட, அந்த வீட்டில் ஏதோ சரியில்லை. எல்லாரும் நோயாளி தூங்கும் அறையில் பேசுவது போல மெதுவாகப் பேசினார்கள். சுவரில் கடிகாரம் எட்டேகாலில் நின்றிருந்தது. டிவியின் மேல் துணி போர்த்தியிருந்தது. வாசலில் நாய்க் கொட்டகையும் தட்டும் இருந்தன, நாய் இல்லை. தூரத்தில் எங்கோ ஒரு நாய் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது. பூங்கொடி என்னைச் சமையலறைக்கு அழைத்துப்போனார். குழாயின் வாயில் ஒரு துணித் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், தண்ணீர் சொட்டாமல் துணி வழியாக வழிந்தது. பாத்திரங்களை எல்லாம் பழைய புடவையை விரித்து அதன்மேல் கவிழ்த்திருந்தார்கள். சமையல் ஆகியிருந்தது. சாமைச் சோற்று வாசனையும் மிளகு ரச வாசனையும் வந்தன. சாப்பிடுங்கள் என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் செந்திலின் அப்பாவைக் கவனித்தேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் ஆனதும் அவருடைய தொண்டை ஏறி இறங்கியது. கண் சிவந்தது. எழுந்து விறுவிறுவென்று வெளியே போனார். பலா மரத்துக்குப் பின்னாலிருந்து இருமுகிற சத்தம் அமுங்கலாகக் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பூங்கொடி அவரைப் பார்த்தார், அவர் தரையைப் பார்த்தார். மறுபடியும் அப்படியே எழுந்து போனார். மறுபடியும் வந்தார்.

"உடம்புக்கு எப்படீங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

இந்த மனிதரைத்தானே ரத்தப் பரிசோதனைக்குச் சேலம் கொண்டுபோனார்கள்? தாழ்ந்த பேச்சு, போர்த்திய டிவி, வெளியே போய் யாருக்கும் தெரியாமல் இருமிவிட்டு வருவது. இந்த வீட்டில் நோய் இருக்கிறது, அதை மறைக்கிறார்கள். அதனால்தான் தண்ணீர் தரக்கூடக் கை வரவில்லை. நந்தினிக்கும் இது தெரிந்திருக்கும், நம்மிடம் சொல்லவில்லை. இப்போது ஒன்றுக்கு இரண்டு காரணம். இரண்டுமே பெரிது.

மணி பன்னிரண்டு இருக்கும்.

கிளம்பிவிடலாம் என்று இவரைத் தேடினேன். நாற்காலி காலி. வெளியே வந்தால், பலா மரத்தடியில் சாக்கு விரித்து, நடுவில் பிளந்த பலாப்பழத்தை வைத்துக்கொண்டு இவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வாய் நிறையச் சுளை. பக்கத்தில் ஐந்தாறு கொட்டைகள். எதிரில் செந்திலின் அப்பா கத்தியும் எண்ணெய்க் கிண்ணமுமாக நின்றிருந்தார்.

"ஏனுங்க! என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க?"

இவர் அவசரமாக விழுங்கிவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "கை நனையல சுமதி. எண்ணெய்தான் தடவியிருக்கறேன்."

பிசின் ஒட்டாமல் இருக்கப் பலாப்பழம் உரிக்கும்போது கையில் எண்ணெய் தடவுவார்கள். அதைச் சொல்கிறாராம். வேறொரு நாளாக இருந்தால் எனக்கே சிரிப்பு வந்திருக்கும்.

அந்த நேரத்தில் செந்திலின் அப்பாவுக்குத் தொண்டை அடைத்தது. நான் நிற்பதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே அமுக்கினார். முகம் கறுத்துச் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கத்தி கீழே விழுந்தது. இவர் எழுந்து அவர் முதுகைத் தட்டினார். வீட்டுக்குள்ளிருந்து பூங்கொடியும் செந்திலும் ஓடி வந்தார்கள்.

என் பொறுமை அதோடு முடிந்தது. "எத்தனை நாளா இந்த இருமல்? சேலத்துல என்ன டெஸ்ட் எடுத்தீங்க? எங்க பொண்ணு வாழ வர்ற ஊடு. நோயை மறைக்கறது பாவமுங்க. வெளிப்படையாச் சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

செந்தில் தன் அப்பாவைப் பார்த்தான். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நோயெல்லாம் இல்லீங்க அம்மிணி. சேலத்துல பார்த்தது சக்கரைக்கு. இது வெத்தல பாக்குப் போட்ட தொண்டை. ரெண்டு செருமல் செருமுனாத்தான் எனக்குப் பேச்சே வரும். உங்களுக்குச் செருமுனா ஆகாதுன்னு புள்ள சொல்லுச்சு. அதான் இங்க வந்து செருமிட்டுச் செருமிட்டு வாரேன்."

"எந்தப் புள்ள?"

"உங்க புள்ளதானுங்க. நந்தினி."

பூங்கொடி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மறைக்கறோம்னு சொல்லிப்போட்டீங்க. அப்பறம் நான் எதுக்குங்க மென்னு முழுங்கோணும்? எல்லாத்தையும் கேட்டுக்குங்க. கடிகாரம் டிக்கு டிக்குங்கும்னு இவன் பேட்டரியக் கழட்டிட்டான். நாயக் கொண்டுபோயி என்ர கொழுந்தன் ஊட்டுல கட்டிருக்குது, அது காலையிலிருந்து சோறு திங்காமக் கத்துது. குழாய் சொட்டுனா உங்களுக்கு ஆகாதாம், துணி கட்டுனேன். பாத்தரம் சத்தம் ஆகாதாம், சீலைய விரிச்சேன். நீங்க கை நனைக்க மாட்டீங்க, தண்ணி குடுத்தா வேண்டாம்னு சொல்ல அம்மாவுக்குச் சங்கடமா இருக்கும்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. அதனால தண்ணியும் குடுக்கல. ஊட்டுக்கு வந்த சனத்துக்குத் தண்ணி குடுக்காம உக்கார வெச்சது என்ர வயசுக்கு இன்னைக்குத்தானுங்க. எனக்கு வயிறு எரியுது."

"அம்மா, விடும்மா" என்றான் செந்தில்.

நான் அவனைப் பார்த்தேன். "ஹாரன்?"

"உங்களுக்குத் தலை வலிக்கும்னு நந்தினி சொன்னாங்க" என்றான். அவன் கண் என் நெற்றி வீக்கத்தில் நின்றது. "தப்புத்தானுங்கம்மா. அடிச்சிருக்கோணும்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அதை மறைக்கப் போவதில்லை. பெற்ற தாயின் குணத்தை இப்படிக் கடைபரப்பி வைப்பாளா ஒருத்தி? இந்த மலை உச்சியில், நான் இதுவரை பார்த்திராத ஒரு குடும்பம், என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறது. நான் எதற்கு முகம் சுளிப்பேன் என்று காலையிலிருந்து நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாமா என்று இருந்தது.

பூங்கொடிக்கு என் முகத்தில் என்ன தெரிந்ததோ, குரல் இறங்கியது. "அந்தப் புள்ள உங்களக் குத்தமாச் சொல்லலீங்க. போன்ல அழுவுது. 'ஒரு நாளைக்கு மட்டும் பொறுத்துக்கோங்க அத்தை. எங்கம்மா வாயில சரின்னு ஒரு வார்த்தை வந்துட்டாப் போதும். அதுக்கப்புறம் நீங்க என்ன சத்தம் வேணாப் போட்டுக்குங்க'ங்குது. நான் என்ன பண்ணட்டும்? அழுவற புள்ளைக்கு எதைன்னு சொல்றது?"

நந்தினி என் முன்னால் அழுததை நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. காலேஜில் சேர்ந்ததிலிருந்தே அவள் அழுவதில்லை என்று நான் நினைத்திருந்தேன். கெட்டிக்காரி, மனத்திடம் உள்ளவள் என்று மற்றவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். அவள் அழுதுகொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்குக் கேட்காத இடத்தில் அழுதிருக்கிறாள்.

இவர் எண்ணெய்க் கையை என்ன செய்வதென்று தெரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"தண்ணி எங்கீங்க இருக்குது?" என்று பூங்கொடியிடம் கேட்டேன்.

அவர் நகரவில்லை. "நல்லா யோசிச்சுக்குங்க. நீங்க சரின்னு சொன்ன மறுநிமிஷம் நாயி வந்துரும். இவரு விடிஞ்சா செருமுவாரு. அதை அப்பறம் குத்தம்னு சொல்லப்படாது."

"சொல்ல மாட்டனுங்க" என்றேன்.

பின்பக்கம் தொட்டியிலிருந்து செந்தில் ஒரு சொம்பில் மொண்டு ஊற்றினான். முழங்கை வரை கையைக் கழுவினேன். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி குளிர்ந்தது. அடுத்து இவரும் வந்து கையை நீட்டினார். எண்ணெய் போக இரண்டு தடவை சோப்புப் போட வேண்டியிருந்தது.

இலை போட்டுச் சாமைச் சோறு, அவரைக்காய்க் குழம்பு, மிளகு ரசம், வாழைப்பூப் பொரியல். பாதிச் சாப்பாட்டில் நாய் வந்து சேர்ந்தது. வந்த சந்தோஷத்தில் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடிக் குரைத்தது. யாரோ டிவியைப் போட்டார்கள். போட்டுவிட்டு ஒருவரும் பார்க்கவில்லை. செந்திலின் அப்பா காலையிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் செருமித் தீர்த்தார். ரசத்தைக் கையில் வாங்கி 'சர்ர்' என்று உறிஞ்சினார். பூங்கொடி கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் டங்கு டங்கென்று தட்டித்தான் பரிமாறுகிறவர் என்று தெரிந்தது. மனம் மாறினால் இதெல்லாம் இனிமையாகக் கேட்கும் என்று யாராவது எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். எனக்கு ஒவ்வொன்றும் நரம்பில்தான் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு, மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். நல்ல சாப்பாடு.

மூன்று மணி. மறுபடி செம்மேடு.

திரும்பும் வழியில் செந்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்தான். நான் காதைப் பொத்தவில்லை. பேருந்துக்காக நின்றபோது போனில் சிக்னல் வந்தது. நந்தினி கூப்பிட்டாள். எடுத்ததும், "சாப்டீங்களாம்மா?" என்றாள்.

"சாப்பிட்டோம்" என்றேன். "அவங்க ஊட்டுலதான் சாப்பிட்டோம்."

மறுமுனையில் சத்தமே இல்லை. "நந்தினி?" என்றேன். "இருக்கேம்மா" என்றாள். குரல் உடைந்திருந்தது. அழுகிறாள் என்று தெரிந்தது. போனை வைக்காமல், அவள் அழுது முடிக்கிறவரை காதில் வைத்துக்கொண்டு நின்றேன். ஏன் எல்லாவற்றையும் அவர்களிடம் சொன்னாய் என்று கேட்க வைத்திருந்த கேள்வியைக் கேட்கவில்லை.

பேருந்தில் ஜன்னல் ஓரம் இவர், பக்கத்தில் நான். மடியில் பூங்கொடி கொடுத்த மிளகுப் பொட்டலமும் பாதிப் பலாப்பழமும். வளைவுகள் இறங்க ஆரம்பித்தன. எழுபது, அறுபத்தொன்பது என்று எண் குறைந்துகொண்டே வந்தது. ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

கரூரில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றைச் சொல்வார்கள். "உங்க ஊடு எவ்வளவு அமைதியா இருக்குதுங்க" என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். எங்கள் வீட்டில் குழாய் சொட்டாது, கதவு அறையாது, டிவி சும்மா ஓடாது. போன் வந்தால் இவர் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுவார். நந்தினி லீவுக்கு வந்தால் இரண்டாம் நாளே டூட்டி என்று கிளம்பிவிடுவாள். நான் பாடுபட்டு வளர்த்த ஒழுங்கு அது என்று நினைத்திருந்தேன். அந்த மலைவீட்டில் இன்று காலை நான் பார்த்தது வேறெதையும் அல்ல, எங்கள் வீட்டைத்தான். அவர்களால் அதை அரை நாள்கூடத் தாங்க முடியவில்லை.

நாற்பதாவது வளைவு தாண்டியிருக்கும். பலாப்பழம் தின்ற தொண்டை, இவருக்கு இருமல் வந்தது. துண்டை எடுத்து வாயில் அழுத்தினார். உடம்பை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் இரண்டு முறை குலுங்கியது, சத்தம் வரவில்லை. பிறகு மெதுவாகத் திரும்பி, எனக்குத் தெரிந்துவிட்டதா என்று என் முகத்தைப் பார்த்தார்.

இருபத்தொன்பது வருடமாகப் பக்கத்தில் படுத்திருக்கிறேன். இவர் இருமி நான் கேட்டதே இல்லை. இவருக்கு இருமலே வராது என்று நினைத்திருந்தேன்.

"ஏனுங்க, அடக்காதீங்க. நல்லா இருமுங்க" என்றேன்.

"ஒண்ணுமில்ல சுமதி, நின்னுபோச்சு" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு முறை விழுங்கினார். மலை இறங்கிக் காரவள்ளி வரும்வரை அவர் இருமவில்லை.